நெடுந்தீவில் நீரும் வாழ்வும்

தமிழ் வழங்கும் நிலம் எது என்று கேட்டால் வேங்கடத்தையும் குமரியையும் சொல்லுகிறோம். ஈழத்தையும் மலாயாவையும் சேர்த்துச் சொல்லுவோரும் உளர். பாக்கு நீரிணையின் நடுவே கிடக்கும் சிறு தீவுகளை நினைப்பவர் மிகச் சிலர். அத்தீவுகளுள் ஒன்றாகிய நெடுந்தீவைப் பற்றி இங்கே எழுதப் புகுகின்றேன். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த குடும்பத்தில் பிறந்தவனாதலின், அக்கடலின் மறுபக்கத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று அறியும் ஆவல் எனக்கு இளமை முதலே உண்டு.

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்துள்ள தீவுகளுள் மிகத் தொலைவிலிருப்பது நெடுந்தீவு. நீளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பரப்பு 50 சதுரக் கிலோமீட்டர் அளவு. யாழ்ப்பாண நகரிலிருந்து புங்குடுதீவு வரை தரை வழியே சென்று, குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும். ஒரு மணி நேரக் கடற் பயணத்தின் பின் நெடுந்தீவின் மாவிலித்துறையை அடையலாம். பாலம் இல்லை. கடல் பொங்கினால் படகும் இல்லை.

இத்தீவிற்குப் பசுத்தீவு என்றும் ஒரு பெயர் உண்டு. போர்ச்சுக்கீசியரும் தம் மொழியில் 'பசுக்களின் தீவு' என்றே எழுதி வைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. ஆம்ஸ்டர்டாம் என்று காரைதீவை இன்று அழைப்பார் யாருமில்லை. டெல்ப்ட் என்னும் பெயர் மட்டும் அரசாங்க ஏடுகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரார் நெடுந்தீவு என்றே சொல்லுகின்றனர். நாமும் அவ்வாறே சொல்லுவோம்.

இங்கே ஆறு இல்லை, மலை இல்லை. நிலம் கடல் மட்டத்திற்குச் சில மீட்டர்களே உயர்ந்தது. எங்கு தோண்டினாலும் பவளக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் தட்டுப்படும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வரும் மழையே ஆண்டு முழுவதற்கும் மூலதனம். நாற்புறமும் உப்பு நீர் சூழ்ந்த, துளைகள் நிறைந்த ஒரு கல்லின்மேல் குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது? பல நூற்றாண்டுகளாக மாந்தரும் ஆநிரையும் குதிரையும் அங்கே எதைக் குடித்து உயிர் வாழ்ந்தனர்? இவ்வினாவிற்கு விடை கண்டால் அத்தீவின் பழக்க வழக்கங்கள் பலவற்றின் பொருள் விளங்கிவிடும் என்பது என் கருத்து.

மழை நீர் கல்லின் துளைகள் வழியே கீழே இறங்குகிறது. ஆங்கே முன்னமே கடல் நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல் நீர் கனமானது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல் நீரின் அடர்த்தி 1.025. ஆகவே இறங்கிய மழை நீர் கடல் நீரின்மேல் மிதக்கிறது. கல்லினுள்ளே இருப்பதால் அலையடித்துக் கலந்துவிடுவதும் எளிதில் நேர்வதில்லை. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், மூக்குக் கண்ணாடியின் வில்லையைப் போல் அந்த நன்னீர்த் திரள் அமைந்துவிடுகிறது. இதனை நன்னீர் வில்லை என்று சொல்லலாம்.

இதன் கணக்கு எளியது. நன்னீரின் மேல்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் நிற்கும் உயரத்தை உ என்க. கடல் மட்டத்திற்குக் கீழே நன்னீர் செல்லும் ஆழத்தை ஆ என்க. இரண்டு நீர்த்தூண்களின் எடையும் சமமாக வேண்டும். அதாவது 1.025 ஆ என்பது ஆ, உ இவ்விரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமம். கணக்கிட்டுப் பார்த்தால் ஆ என்பது உ-வைப்போல் 40 மடங்கு என்று வரும். கிணற்று நீர் கடல் மட்டத்தைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றால், அதன் கீழே நாற்பது சாண் நன்னீர் இருக்கிறது என்பது பொருள். பாதுகாப்பான செல்வம்தான்! ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலேறி வரும். ஓரிடத்தில் வலிந்து இறைத்தால் அக்கிணற்றின் அடியில் உப்பு நீர் கூம்பு போல் எழுந்து வந்து வாயைத் தொடும். அப்படி உவர்த்த கிணறு திருந்தப் பல மழைக்காலம் பிடிக்கும்.

இவ்விதியை 1888ஆம் ஆண்டையொட்டி எழுதியவர் படோன் கைபன் என்னும் ஒல்லாந்துப் படைப் பொறியாளர். ஜெர்மனியின் வடகடல் தீவு ஒன்றிற்குக் குடிநீர் தேடிய ஹெர்ஸ்பெர்க் என்பவர் அவரை அறியாமலே 1901இல் அதே விதியை வெளியிட்டார். இருவர் பெயராலும் அது வழங்குகிறது. நெடுந்தீவிற்குப் பெயர் வைத்தவர்களும் ஒல்லாந்தர். அதன் கிணற்றுக்கு விதி கண்டவரும் ஒல்லாந்தர் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

ஐதராபாத்தில் வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்றும். நம் காலடியில் இருப்பது கருங்கல். இங்கே வீட்டு உடைமையாளர் தண்ணீர் இல்லையென்றால் இன்னும் நூறடி துளைபோடச் சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கண்டு இருநூறு அடி இறங்குகிறார். ஆழம் என்றால் தண்ணீர் என்பதே நம் நகரத்தின் சமயம். நெடுந்தீவில் ஆழம் என்றால் உப்பு. வள்ளுவர் கல்விக்கு மணற்கேணியை உவமை காட்டினார். நெடுந்தீவில் அவ்வுவமையை ஓரளவிற்குமேல் தோண்டக் கூடாது!

தமிழ்நாட்டாருக்கு இன்னொரு சான்றும் உண்டு. தங்கச்சிமடத்தின் அருகே கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் கிணறாக நிற்கும் வில்லூன்றித் தீர்த்தத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஊர்க் கதை. தீவின் அடியிலிருந்து கடலை நோக்கிக் கசியும் நன்னீரே அக்கிணற்றில் ஊறுகிறது. யாழ்ப்பாணத்துப் புத்தூரில் நிலாவரைக் கிணறு என ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதை அளந்தறிந்திருக்கின்றனர். அதற்கும் இராமன் அம்பே காரணம் என்பர். இராமபிரான் நிலத்தடி நீரியலில் வல்லவர் போலும்.

இனி வழக்கங்களுக்கு வருவோம். நெடுந்தீவின் பழைய கிணறுகள் ஆழமற்றவை; அகன்றவை. ஒன்றிரண்டு பெருங்கிணறுகளை நம்பாமல் பல இடங்களில் பல சிறு கிணறுகளை அமைத்தனர். குடிக்கும் கிணறு வேறு. குளிக்கவும் துவைக்கவும் உவர்க் கிணறு வேறு. நல்ல தண்ணீர் உள்ள இடம் தீவில் சிலவே. சாராப்பிட்டிக் கிணறுகள் அவற்றுள் பெயர் பெற்றவை. தொலைவிலிருந்து வந்து குடத்தில் முகந்து செல்வது பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. பட்டையும் கயிறும் கொண்டு கையால் இறைக்கும்போது ஒரு நாளில் எடுக்கும் நீருக்குக் கையின் வலிமையே எல்லை. யாழ்ப்பாணத்து வழக்கத்தில் கிணற்றுக்குப் பங்கு உண்டு. நிலம் பிரிக்கும்போது கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று உறுதியில் எழுதுவார்கள். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் ஆளும் நாடு அது. ஒருவன் கிணறு தனக்கே உரியது என்று விரும்பியவாறு இறைப்பதற்கு அவ்வழக்கம் இடம் தரவில்லை.

சிறிது சிறிதாக, பல இடங்களில், மேலாக எடுத்தல். நன்னீர் வில்லையைக் காக்க இன்று எந்த நீரியல் நூலைப் புரட்டினாலும் இம்மூன்றையே காண்கிறோம். அம்மக்கள் விதியை எழுதவில்லை. உவர்த்துப்போன கிணறுகளைக் கண்டு கண்டு வழக்கமாக்கிக் கொண்டனர். இதனை மூதாதையர் மெய்ஞ்ஞானம் என்று நான் கொண்டாட வரவில்லை. குடத்தைச் சுமந்த பெண்ணின் இடுப்பு வலியும் அதே வழக்கத்தின் ஒரு பகுதிதான். அவளுக்கு ஒரு மோட்டார் கிடைத்திருந்தால் மறுத்திருக்க மாட்டாள்.

தீவிற்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவது வேலி. யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கிடுகும் பனையோலையும். நெடுந்தீவில் வேலி என்றால் பவளக் கல். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கி, மார்பளவு உயர்த்திய சுவர்கள் வீதிக்கு இருபுறமும் செல்லுகின்றன. நிலத்தைத் துப்புரவு செய்யப் பொறுக்கிய கல்லே வேலியாயிற்று. ஆடு மாடுகள் தோட்டத்தில் புகாமல் தடுக்கவும் ஆயிற்று. காற்று அதன் இடுக்குகளில் நுழைந்து போவதால் சோளகம் வீசினாலும் சுவர் சாய்வதில்லை. 'வளரும் கல்' என்று ஒரு கல்லைத் தீவில் காட்டுவார்கள். கல் வளருமா என்று நகைக்க வேண்டாம். பவளம் ஒரு காலத்தில் வளர்ந்ததுதானே!

சோளகக் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை ஆளும். அப்போது கடல் கடுமையாக இருக்கும். படகு நிற்கும் நாட்கள் உண்டு. அத்தகைய நாட்களுக்கெனத் தீவார் பனையை நம்பினர். பனங்கொட்டையை மண்ணில் புதைத்து முளைத்த கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழச்சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. ஒடியல் மாவோடு மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சிய கூழ், இன்று கொழும்பிலும் டொராண்டோவிலும் விருந்தாகிவிட்டது. தொடக்கத்தில் அது படகு வராத நாளின் உணவு. பனை தன் வேரை மழைநீரோடு நிறுத்திக்கொண்டு, ஒருவர் கையாலும் இறைக்காமல் நிற்கும் பயிர் என்பதையும் மறக்கலாகாது.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் நெடுந்தீவுக் கட்டுரை நிறைவுறாது. தீவின் தென்புறத்துப் புல்வெளியில் உரிமையாளரற்ற குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. ஐரோப்பியர் காலத்தில் படைக்கென வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில ஆட்சி அதிகாரி அங்கே குதிரைப் பண்ணையை மேற்பார்த்தார். அவர் காலத்துக் குதிரைக் கொட்டிலின் தூண்கள் இடிந்து நிற்கின்றன. குதிரைக்கும் இக்கடலுக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. அண்டையிலுள்ள நயினாதீவில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று உள்ளது. சிங்கள மன்னன் பொறித்ததாயினும் அதன் மொழி தமிழ். யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு என்று அது விதிக்கிறது. கரையில் ஒதுங்கியதெல்லாம் கொள்ளை என்று வழங்கிய உலகில் இது நல்ல சட்டம்.

இன்று அக்குதிரைகளின் எதிரி வறட்சி. ஆனி, ஆடியில் குட்டைகள் வற்றிவிட, நீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்தி நாளிதழ்களில் வருவதுண்டு. 2015இல் தீவின் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட நிலத்தை இலங்கை அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. பெயர் மாறினால் குட்டையில் நீர் நிற்பதில்லை.

தீவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் ஒன்றும் நிற்கிறது. பெருக்க மரம் என்பர்; இராமநாதபுரத்தில் இவ்வினத்தைப் பப்பரப்புளி என்றும் ஆனைப்புளி என்றும் சொல்லுவோம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது வழக்கு. இதைக் காண நீங்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் கோல்கொண்டாவில், நயா கிலாவின் உள்ளே, 'ஹாத்தியான் கா ஜாட்' என்று உருது மொழியில் வழங்கும் பெருமரம் இதே இனந்தான். அதன் சுற்றளவு 25 மீட்டருக்கு மேல். உருதுக்காரனுக்கும் இராமநாதபுரத்தானுக்கும் அதைப் பார்த்ததும் யானையே நினைவுக்கு வந்தது பாருங்கள்! தன் தண்டு முழுவதும் நீரைத் தேக்கி வறட்சியைக் கடக்கும் அம்மரத்திற்கு, நெடுந்தீவு ஏற்ற இடம்.

பழங்கதைகளும் உண்டு. வெடியரசன் என்னும் மன்னன் இத்தீவை ஆண்டான் என்றும், கண்ணகியின் சிலம்பிற்கு நாகமணி தேடி வந்த மீகாமன் அவனோடு போர் செய்தான் என்றும் யாழ்ப்பாணத்துக் கோவலன் கதை கூறும். வெடியரசன் கோட்டை என்று ஊரார் காட்டும் இடத்தில் உள்ளவை, பவளக் கல்லால் கட்டிய பௌத்தத் தூபிகளின் எச்சம் என்பர் தொல்லியலார். தமிழகத்திலும் ஈழத்திலும் தமிழர் பௌத்தராயிருந்த காலம் ஒன்று உண்டு என்பதை மணிமேகலை கற்ற நாம் அறிவோம். ஆகவே அவ்வெச்சங்களைக் காட்டி ஒருவரையொருவர் வெளியேறச் சொல்லுவது வீண் வழக்கு.

நெடுந்தீவின் ஆட்சிப் பிரிவில் அடங்கியது கச்சத்தீவு. இராமேசுவரத்திற்கு வடகிழக்கே, நெடுந்தீவிற்குத் தெற்கே கிடக்கும் இச்சிறு தீவில் குடிதண்ணீர் இல்லை. ஆதலின் குடிகளும் இல்லை. நீர் வில்லை நிற்பதற்கு நிலம் ஓரளவு அகன்றிருக்க வேண்டும். கச்சத்தீவின் பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1974 ஒப்பந்தத்தின் பின் அது இலங்கையின் எல்லைக்குள் உள்ளது. அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவிற்கு இரு கரையிலிருந்தும் மக்கள் செல்லுகின்றனர். அவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். இரண்டு தீவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஊர் என்பது எதனால் ஊராகிறது என்பது தெரியும்.

ஆனால் நீர் இருந்தும் நெடுந்தீவு தேய்ந்து வருகிறது. நிலமில்லாதோர் வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்றனர். பின்னர்ப் போர் வந்தது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்டிர் குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். செய்தவர் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் கூறினர். ஆண்டுதோறும் அந்நாளில் மாவிலித்துறையில் நினைவு கூர்கின்றனர். ஒரே வழியாகிய கடல் வழியே அச்சமாகிவிட்டால் தீவில் யார் இருப்பார்? 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மக்கள் தொகை நாலாயிரத்திற்கும் குறைவு. கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் நெடுந்தீவார் உளர். தீவில் கல் வேலிகள் அப்படியே நிற்கின்றன. உள்ளே வீட்டைக் காணோம்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் தில்லியில் தோற்றுவித்த தனிநாயகம் அடிகளாரின் தந்தையார் நெடுந்தீவினர் என்பதை நம் சங்கத்தார் பலர் அறியார். உலகெங்கும் தமிழரைத் தேடிச் சென்ற அப்பெருமகனின் முன்னோர் ஊர், இன்று தன் பிள்ளைகளை உலகெங்கும் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது மின்சாரம் வருகிறது. நெடுநாள் டீசல் எந்திரத்தை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்சாரம் ஆக்க, இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச்சு முதல் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். விளக்கும் பனிக்கட்டிப் பெட்டியும் இருந்தால் இளைஞர் சிலராவது ஊரில் தங்குவர். மருத்துவமனைக்கு ஒளி வேண்டும். மீனவனுக்குக் குளிர் வேண்டும். ஆனால் கம்பி வந்த மறுநாள் கிணற்றில் மோட்டார் இறங்கும். கையின் வலிமை என்ற பழைய எல்லை அன்றோடு போயிற்று. அந்த இடத்தில் வேறு எந்த எல்லையை வைப்பது என்பதே கேள்வி.

மாலைத்தீவின் தலைநகரான மாலே இக்கேள்விக்கு விடை காணாமல் இருந்தது. மக்கள் பெருகி, இறைப்பு மிகுந்து, அத்தீவின் நன்னீர் வில்லை கெட்டது. நகரம் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை முழுவதும் நம்பலாயிற்று. 2014 டிசம்பர் 4ஆம் நாள் அவ்வாலையில் தீப்பற்றியது. ஓர் இரவில் தலைநகரம் முழுவதும் குடிக்க நீரற்றுப் போயிற்று. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நெடுந்தீவிற்கும் உப்பு நீக்கும் கருவிகள் வந்துள்ளன. அவை இருக்கட்டும். கிணறும் இருக்கட்டும்.

கிணறு கெடுகிறதா என்று அறிவது கடினமன்று. நீரில் உப்பு ஏறினால் அதன் மின்கடத்துதிறன் ஏறும். அதை அளக்கும் கருவி கைக்கு அடக்கமானது. நம் ஆய்வுக்கூட மேசைகளில் கிடப்பதுதான். தீவின் பள்ளிப் பிள்ளைகள் திங்களுக்கு ஒருமுறை தத்தம் கிணற்று நீரை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தையும் அளந்து பக்கத்தில் குறிக்கலாம். மாசியில் ஓர் அளவு, ஆவணியில் ஓர் அளவு, மழைக்குப்பின் தையில் ஓர் அளவு என மூன்றாண்டு சேர்ந்தால், எந்தக் கிணற்றில் மோட்டார் எத்தனை நாழிகை ஓடலாம் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அக்கணக்கைப் போட நம் துறையிலேயே பலர் உளர். குறிப்பேடு மட்டும் இனிமேல் தொடங்க வேண்டும். மோட்டார் இறங்குவதற்கு முன்னுள்ள அளவு அதில் இருப்பது நல்லது.